சங்கிலி எந்தப் பக்கம்?

புத்தகம் கட்டும் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாசிப்பு ஓடாது. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். எழுத்துக் கூட்டுவேன், அவ்வளவுதான். இதையும் நான் சொல்லச் சொல்ல உங்களில் ஒரு பிள்ளைதான் எழுதுகிறது. எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பிடிக்காததை வெட்டச் சொல்லியிருக்கிறேன். ஆனால் யாழ்ப்பாணத்தில் இருபத்தைந்து வருசம் நான் மடித்துத் தைத்த புத்தகங்களில், தாள் இடம்மாறிப் போச்சுதென்று ஒருவரும் திருப்பிக் கொண்டுவந்தது கிடையாது. அந்தப் பெருமையை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை.

மடிப்பதும் தைப்பதும் பசை காய்ச்சுவதும் உங்கள் கைக்குத் தானாகப் பழகிவிடும். நான் சொல்ல வந்தது, கை நின்றுபோகிற நேரத்தைப் பற்றி.

குருநகரில் வலை பின்னிக்கொண்டிருந்த நான் அச்சுக்கூடத்துக்கு வந்த முதல் நாள், எங்கள் வேலையை மேற்பார்க்கிற போமன் ஐயா தன் இடக்கையைத் தூக்கிக் காட்டினார். நடுவிரலில் நுனி இல்லை. தாள் வெட்டும் இயந்திரம் எடுத்துக்கொண்டது.

"பிள்ளை, மிசினிலை என்னவோ பிழையெண்டு அண்டைக்கு என்ரை கை தானாய் நிண்டது. என்ன பிழையெண்டு எனக்குத் தெரியேல்லை. தெரியாததை எப்பிடிச் சொல்லுறது எண்டு வெக்கப்பட்டு, வாயைத் திறக்காமல் திரும்பவும் கையை விட்டன். நீ அப்பிடிச் செய்யாதை. கை நிண்டால் வாயைத் திற."

ஓமெண்டு தலையை ஆட்டினேன். ஆட்டுவது லேசு.

பல வருசத்துக்குப் பிறகு, பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகம் ஒன்று கட்டினோம். அதற்குள் தனித்தாளில் அச்சடித்த வௌவால் படம் ஒட்டவேண்டும். என் கையில் கிடைத்த தாளில் அது தலைகீழாக இருந்தது போலத் தெரிந்தது. நான் தாளைத் திருப்பி, தலை மேலே வரும்படி வடிவாக ஒட்டிவிட்டேன். வௌவால் மரக்கொப்பின் மேல் கோழி மாதிரி நின்றது. இருபது புத்தகம் அப்படிப் போன பிறகுதான் மிசின்காரர் கண்டார். பிறகு கேட்கவேண்டுமா?

"வௌவாலக்கா, சோறு திண்டாச்சோ?"

"வௌவாலக்கா, இந்தப் படத்திலை ஆனை நிக்குதோ, தொங்குதோ? ஒருக்கால் வந்து சொல்லுங்கோவன்."

பிலோமினா என்ற என் பெயரே அச்சுக்கூடத்தில் இல்லாமல் போனது. சிரித்துச் சமாளித்தேன். ஆனால் இனிமேல் படத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று மனதுக்குள் முடிவெடுத்தேன். அந்த முடிவுதான் அடுத்த மாதம் என்னைக் குழியில் தள்ளப் பார்த்தது.

அடுத்த மாதம் வந்த புத்தகம் காத்துச் சூசையின் சரித்திரம்.

உங்கள் வயதுக்குச் சூசையைத் தெரிந்திருக்காது. எங்கள் கரையில் பிறந்தவன். விடியலில் வள்ளம் கரைக்கு வந்ததும், மீன்பெட்டியைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு சந்தைக்குப் பறப்பான். மற்றவர்கள் போய்ச் சேரும்போது சூசை விற்றுவிட்டு எதிரே வந்துகொண்டிருப்பான். அப்படி ஓடிய கால்தான் பந்தயத்துக்குப் போனது. கடைசியில் கொழும்பில் சைக்கிள் இறக்குமதி செய்கிற கொம்பனி ஒன்று சம்பளம் கொடுத்து அவனை ஓடவிட்டது. சைக்கிள் ஓடுவதே தொழிலென்று வாழ்ந்த ஒருவனை எங்கள் பக்கத்தில் நாங்கள் அதற்கு முன்னர் கண்டதில்லை. அவன் ஊருக்கு வந்தால் பிள்ளைகள் பின்னால் ஓடும், நாய்களும் ஓடும்.

அவன் முதல்முதல் பெயரெடுத்த பந்தயம் கீரிமலையில் தொடங்கி எங்கள் கடற்கரை வீதியில் முடிந்தது. அதை நான் கண்ணால் பார்க்கவில்லை, வேலையில் நின்றேன். ஆரவாரம் மட்டும் அச்சுக்கூடம் வரைக்கும் கேட்டது. கடைசி நூறு யார் தூரத்தில் முன்னுக்கு வந்தது வடமராட்சிப் பக்கத்துக் கரவெட்டிச் செல்லையா. சூசை அவரை முந்திக்கொண்டு கோட்டைத் தாண்டினான். அங்கேதான் வில்லங்கம்.

வீதியில் இடப்பக்கம் ஓடுவதுதான் நம் நாட்டு வழக்கம். முந்துகிறவன் வலப்பக்கத்தால், அதாவது வெளியால் முந்தவேண்டும். முன்னால் போகிறவனுக்கும் வீதி ஓரத்துக்கும் இடையில் நுழைந்து உள்ளால் முந்தினால், அது பந்தயத்தில் குற்றம். செல்லையா சொன்னார், சூசை உள்ளால் நுழைந்து தன்னை இடித்துவிட்டு முந்தினான் என்று. சூசை சொன்னான், வெளியால்தான் வந்தேன் என்று. பரிசு சூசைக்குப் போனது. ஆனால் பேச்சு போகவில்லை. சூசை எந்தப் பந்தயத்தில் வென்றாலும், "உவன் முதல் வெண்டதே களவிலையெல்லோ" என்று சொல்ல வடமராட்சியில் ஒரு ஆள் இருந்தார். பதினைந்து வருசம் இப்படியே போனது.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சூசையின் சரித்திரத்தை எழுதினார். படங்கள் தேடியபோது, நகரத்து ஸ்ரூடியோ ஒன்றின் பழைய பெட்டியில் கண்ணாடித் தகடு ஒன்று அகப்பட்டது. அந்தப் பந்தயத்தின் முடிவுக் கோட்டில் எடுத்த படம். இதுவரை ஒருவரும் அச்சிடாதது. வாத்தியார் சூசைக்குக் கடிதம் போட்டார். சூசை கொழும்பிலிருந்து மறுமொழி எழுதினானாம்: "அந்தப் படத்தைப் பெரிதாய்ப் போடுங்கோ. வெளியீட்டுக்குச் செல்லையா அண்ணையையும் கூப்பிடுங்கோ. அவரின்ரை கையாலை விரிச்சுப் பாக்கட்டும்."

செல்லையாவும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். ஞாயிறு பின்னேரம், எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் வெளியீடு. ஊர் முழுக்க அதே கதைதான்.

புத்தகம் என் மேசைக்கு வந்தது. படம் தனியாக, வழுவழுப்பான தாளில். அதை நடுவில் ஒட்டுவது என் வேலை. சூசையின் நெஞ்சில் பதினொன்று என்ற இலக்கம். இரண்டு கறுப்புத் துணிக்கீலத்தைக் கோடு மாதிரி அவன் தாய் பெனியனில் தைத்துவிட்டது அது. அவன் ஆளைப் பார்த்தாலே உடம்பு சிலிர்க்கும். தலையைக் குனிந்து, பல்லைக் கடித்து, தாளை விட்டு வெளியே பாய்கிற மாதிரி. அவனுக்கு அந்தப் பக்கம், அரைச் சில்லுப் பின்னால், செல்லையா.

முதல் பத்துப் படம் ஒட்டியிருப்பேன். கை நின்றது.

என்னவென்று தெரியவில்லை. சட்டையை உள்பக்கம் வெளியே போட்டுக்கொண்ட ஒருவரைப் பார்க்கிற மாதிரி ஒரு அந்தரம். படத்தைத் திருப்பினேன், தள்ளிப் பிடித்தேன். கீழே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் பார்த்தேன்: "வெளிப்பக்கத்தால் முந்துகிறார் காத்துச் சூசை." வாத்தியார் பார்த்திருக்கிறார். போமன் ஐயா பார்த்திருக்கிறார். முதலாளியும் பார்த்திருக்கிறார். படித்த மூன்று பேர் பார்த்ததில் நான் என்ன பிழை பிடிக்கிறது?

மிசின்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன வௌவாலக்கா, சூசை தலைகீழாய் ஓடுறானோ?"

"உம்மடை வேலையைப் பாரும்" என்று சொல்லிவிட்டு, பசையைத் தடவினேன். வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் முந்நூறு புத்தகம் முடித்தேன். போமன் ஐயாவின் விரல் ஒருதரம் நினைவுக்கு வந்தது. வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகளே, என் வேலைக்காலத்தில் நான் செய்த பெரிய பிழை வௌவால் இல்லை, இதுதான்.

சனிக்கிழமை காலை கிணற்றடியில் உடுப்புத் தோய்த்தேன். என் மனுசன் கந்தோரில் பியூன். தினமும் நீளக் களுசான் போட்டுச் சைக்கிளில் போவார். சங்கிலி எண்ணெய் காலில் பட்டு, கிழமைக்கு ஒரு களுசானை நாசமாக்குவார். நான் வழமைபோல ஏசிக்கொண்டு, வலக்காலின் அடியை எடுத்துச் சவர்க்காரம் போட்டேன். வலக்கால். எத்தனை வருசமாக இதே வலக்கால்! இடக்காலை நான் ஒருநாளும் இப்படி உரஞ்சியதில்லை.

களுசானைக் கல்லிலேயே போட்டுவிட்டேன்.

"ஏன் சைக்கிளின்ரை வலப்பக்கம் மட்டும் ஊத்தை?" என்று கத்தினேன்.

மனுசன் உள்ளேயிருந்து, "விசரே உனக்கு? சங்கிலி அந்தப் பக்கமெல்லோ" என்றார்.

ஈரச் சேலையோடு சைக்கிளைப் போய்ப் பார்த்தேன். வலப்பக்கம் நின்று பார்த்தால் சங்கிலி முன்னால் தெரிகிறது, முன்சில்லு என் வலக்கைப் பக்கம். இடப்பக்கம் நின்று பார்த்தால் முன்சில்லு என் இடக்கைப் பக்கம், சங்கிலி சில்லுக்கு அப்பால் மறைந்துபோகிறது. படத்தில் சூசை என் இடக்கைப் பக்கமாக ஓடுகிறான். சங்கிலி பளிச்சென்று முன்னால் தெரிகிறது. அப்படி ஒரு சைக்கிள் உலகத்தில் இல்லை.

படம் இடம்வலம் மாறி அச்சாகியிருக்கிறது!

எழுத்து ஏதும் படத்தில் இருந்தால் உடனே தெரிந்திருக்கும். இருந்தது பதினொன்று. இரண்டு கோடு. எந்தப் பக்கம் திருப்பினாலும் பதினொன்றுதான். படித்தவர்கள் கீழே எழுதியிருந்ததை வாசித்தார்கள், வாசித்ததையே படத்திலும் கண்டார்கள். எனக்கு வாசிப்பு ஓடாததால் படத்தைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் மிச்சம் விளங்கியது. இடம்வலம் மாறினால் வெளிப்பக்கம் உள்பக்கமாகிவிடும். படத்தில் சூசை செல்லையாவுக்கு இடப்பக்கம் நிற்கிறான், வீதி ஓரத்தில். பதினைந்து வருசமாகச் செல்லையா சொல்லிவந்த குற்றத்தைச் சூசையின் சொந்தப் புத்தகமே ஒப்புக்கொள்கிறது. அதையும் அவரைக் கூப்பிட்டு வைத்து அவர் கையிலேயே கொடுக்கப்போகிறோம்.

அச்சுக்கூடத்துக்கு ஓடினேன். ஆறுதலாக நடக்கிறவள் நான், அன்றைக்கு ஓடினேன்.

முதலாளி கணக்கெடுக்கவில்லை. "பிள்ளை, விடியத்தாலை வந்து விசர்க்கதை கதையாதை. ஆர் சங்கிலியைப் பாக்கப் போயினம்?"

"கரவெட்டியிலை இருந்து ஒராள் வாறார் ஐயா. அவர் பாக்கிறது சங்கிலியை இல்லை. சூசை எந்தப் பக்கமெண்டு பாப்பார்."

போமன் ஐயா படத்தை எடுத்துக்கொண்டு வெளியே, மதிலில் சாத்தியிருந்த தன் சைக்கிளடிக்குப் போனார். குனிந்தார். படத்தைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். திரும்பி வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எப்ப கண்டனீ?"

"கை வியாழக்கிழமையே நிண்டது ஐயா."

அந்த நுனியில்லாத விரலால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

ஸ்ரூடியோக்காரர் முதலில் சண்டைக்கு வந்தார். "என்ரை தகடு பிழைக்காது! முப்பது வருசமாய்ப் படம் பிடிக்கிறன்!"

"தகட்டிலை பிழையில்லை அண்ணை. நீங்கள் வைச்ச பக்கத்திலைதான் பிழை" என்றேன். தகட்டை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மற்றப் பக்கம் திருப்பினார். சூசை என் வலக்கைப் பக்கமாகப் பாய்ந்தான். சங்கிலி இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. ஸ்ரூடியோக்காரர், "ஐயோ மாதாவே" என்று முக்காலியில் இருந்துவிட்டார்.

கொழும்பில் படம் அச்சடிக்கிற புதுப் புளொக் செய்து எடுக்க நாள் இல்லை. படமே இல்லாமல் விடுவோம் என்றார் முதலாளி. படம் வருகிறதென்று ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு, இப்போது இல்லையென்றால் ஒளித்துவிட்டார்கள் என்றுதான் சொல்வார்கள் என்றேன் நான். நாளைக்கு விற்க எத்தனை புத்தகம் வேணும் என்று கேட்டேன். நூற்றிருபது. அப்படியென்றால் ஸ்ரூடியோவிலேயே நூற்றிருபது படம் கழுவட்டும், உண்மையான போட்டோவையே ஒட்டுவோம். மிச்சத்துக்குப் புளொக் ஆறுதலாக வரட்டும்.

அன்று பகல் முழுக்க ஸ்ரூடியோக்காரர் கழுவக் கழுவ, படங்களைக் கருவாடு மாதிரிப் பாயில் பரப்பிக் காயவிட்டோம். நூற்றிருபது சூசை வெயிலில் கிடந்தான். நான் பழைய படங்களை ஒவ்வொன்றாக உரித்தேன். ஞாயிறு பூசை முடிந்து வந்து ஒட்டி முடித்தேன். மிசின்காரர்கூடப் பக்கத்தில் இருந்து பசை தடவித் தந்தார். "பிலோமினாக்கா" என்று கூப்பிட்டார். நான் கேளாத மாதிரி இருந்து இரண்டாம் தரமும் கூப்பிட வைத்தேன்.

பின்னேரம் மண்டபத்தில் மூச்சுவிட இடமில்லை. கொழும்பிலிருந்து காலை வந்திறங்கிய சூசை மேடையில். அவனுக்குப் பக்கத்தில் சுவாமியார். அதற்கு அடுத்ததாகச் செல்லையா, வெள்ளை வேட்டி, சால்வையோடு. பஸ்ஸில் வரவில்லை, கரவெட்டியிலிருந்து சைக்கிளில் வந்தாராம். ஐம்பது தாண்டிய மனுசன்! புத்தகக் கட்டுக்களை மேசையில் அடுக்கிவிட்டு, சுவரோடு சாய்ந்து நின்றேன்.

முதலாளி எழும்பி, வண்ணத்தாளில் சுற்றிய மூன்று பொதிகளை எடுத்தார்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

மேடையில் கொடுக்கவென்று மூன்று புத்தகம் தனியாக, நல்ல துணி அட்டை போட்டுக் கட்டியிருந்தேன். எல்லாவற்றுக்கும் முதல், வியாழக்கிழமையே முடித்தவை. வெள்ளிக்கிழமை முதலாளி வீட்டுக்குப் போய்விட்டன. எண்ணி எண்ணி உரித்தவள் அந்த மூன்றையும் எண்ணவில்லை.

சுவாமியார் பொதியை மடியில் வைத்தார். சூசையும் பிரிக்கவில்லை, செல்லையாவையே பார்த்துக்கொண்டிருந்தான். செல்லையா தாளைக் கிழித்தார். நடுவில் விரித்தார். பிறகு எழும்பி மைக்கைப் பிடித்தார்.

"சனங்களே! பதினைஞ்சு வருசமாய் நான் கத்தினது ஆருக்கும் கேக்கேல்லை. இப்ப இவன்ரை புத்தகமே சொல்லுது. இந்தாருங்கோ, வடிவாப் பாருங்கோ! உள்ளாலை நிக்கிறான்! நான் வெளியிலை!"

சூசை எட்டிப் பார்த்தான். அங்கே அவனே உள்பக்கத்தில் நின்றான். முன்வரிசையில் எங்கள் கரைப் பெடியள் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்கள். "இறக்கு அவரை!" என்று ஒருத்தன். வடமராட்சியிலிருந்து வந்தவர்களும் எழும்பினார்கள்.

வியாழக்கிழமை என் வாய் நின்றது. இப்போது நிற்கவில்லை.

"அண்ணை, பொறுங்கோ!" என்று கத்திக்கொண்டே படியேறினேன். பசை காய்ந்த கையோடு, அந்தச் சனத்துக்கு முன்னால்.

செல்லையா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீர் ஆர் பிள்ளை?"

"அந்தப் புத்தகத்தைக் கட்டினவள். எனக்கு வாசிப்பு ஓடாது அண்ணை. உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். கரவெட்டியிலை இருந்து சைக்கிளிலைதானே வந்தனீங்கள்?"

"ஓம். அதுக்கு?"

"வேட்டியிலை எண்ணெய் பட்டிருக்கு. எந்தக் காலிலை எண்டு ஒருக்கால் பாருங்கோ."

மண்டபத்தில் கொல்லென்று சிரிப்பு. செல்லையா குனிந்து பார்த்தார். வலக்கால் பக்கம் வேட்டிக் கரையில் நாலு விரல் அகலத்துக்குக் கறுப்பு.

"இப்ப படத்திலை சங்கிலியைப் பாருங்கோ."

அவர் பார்த்தார். சைக்கிளோடு வாழ்ந்த மனுசனுக்கு நான் என்ன சொல்கிறது? படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். வேட்டிக் கரையைப் பார்த்தார். திரும்பவும் படம். எழும்பி நின்றவர்கள் அப்படியே நின்றார்கள்.

"திருத்தின படம் இருந்தால் தாரும்" என்றார் மெல்ல.

மேசையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். விரித்தார். உண்மையான போட்டோ, பசை வாசம் இன்னும் போகாதது. எவ்வளவு நேரம் பார்த்தாரென்று தெரியாது. எனக்கு ஒரு செபமாலை சொல்லி முடித்த நேரமாக இருந்தது. பிறகு மைக்கைத் திரும்பவும் பிடித்தார்.

"ஓம். வெளியாலைதான் வந்திருக்கிறான்." சூசை பக்கம் திரும்பினார். "டேய், அப்ப என்னை ஆரடா இடிச்சது?"

"கல்லாய் இருக்கும் அண்ணை" என்றான் சூசை, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும். "அந்த வீதியிலை கல்லுத்தானே கிடந்தது!"

மண்டபம் வெடித்தது. அந்தக் கைதட்டலை இப்பவும் என் காதில் வைத்திருக்கிறேன்.

எல்லோரும் கலையும்போது செல்லையாவிடம் போனேன். "அண்ணை, அந்தப் பிழையான புத்தகத்தைத் தாங்கோ. மாத்தித் தாறன்."

அதைச் சால்வைக்குள் செருகிக்கொண்டார். "விசரே பிள்ளை? நான் சொன்னது சரியெண்டு சொல்லுற புத்தகம் உலகத்திலை இதொண்டுதான். இதைத் தரமாட்டன்."

கட்டுக்கு வெளியே போன புத்தகத்தை முதலில் எண்ணுங்கள் என்று அன்றிலிருந்து நான் சொல்லிவருவது இதனால்தான். கை நின்றால் வாயைத் திறவுங்கள் என்பதும். சிரிப்பார்கள். நான் வௌவாலக்காவாக இருந்து பார்த்தவள், சிரிப்பினால் ஒருவரும் சாகவில்லை.

நான் வேலையிலிருந்து நிற்பதற்குக் கொஞ்சம் முன்னர், ஒரு தம்பி அச்சுக்கூடத்துக்கு வந்தான். செல்லையாவின் மகன். தகப்பன் தவறிவிட்டாராம். அந்தத் துணி அட்டைப் புத்தகம், தையல் இளகி, நடுத்தாள் கழன்று கிடந்தது. அத்தனை தரம் விரித்திருக்கிறார்.

"அக்கா, படம் பிழையாம், அப்பா சொல்லுறவர். சரியான படத்தை ஒட்டித் தருவியளோ?"

நடுப்பக்கத்தை விரித்தேன். படத்தின் ஓரத்தில், தாள் முடிகிற இடத்தில், பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. பெரிய எழுத்து. ஒவ்வொன்றாகக் கூட்டினேன்: சங்-கி-லி-யை-ப் பார்.

"இதென்னண்டு எங்களுக்கு விளங்கேல்லை" என்றான் தம்பி.

"எனக்கு விளங்குது" என்றேன். "படம் அப்பிடியே இருக்கட்டும்."

புதுத் தையல் போட்டேன். திருப்பிக் கட்டுகிற புத்தகத்தின் ஓரத்தை இயந்திரத்தில் கொடுத்து நேராக வெட்டுவது நம் வழக்கம். வெட்டினால் அந்தப் பென்சில் எழுத்துப் போய்விடும். இருபத்தைந்து வருசத்தில் அந்த ஒன்றைத்தான் ஓரம் வெட்டாமல் கட்டிக் கொடுத்தேன்.